கித்தேரியின் குளிர்

கித்தேரியைச் சுற்றி ஐஸ் கட்டிய அன்றைக்குச் சிலுவைத்துறையில் ஒருத்தரும் "ஐயோ" என்று சொல்லவில்லை, "அப்பாடா" என்றுதான் சொன்னார்கள். ஏனென்றால் அது சித்திரை மாதம், ஐஸ் கம்பெனியில் மெஷின் படுத்துவிட்டது, லாரி வரவில்லை, கரையேறிய மீனெல்லாம் செவுள் வெளுத்து வயிறு உடைந்து கிடக்க, வியாபாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடிமாட்டு விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் மீன்காரி அமலோற்பவம், ஏலக்கூடத்து மூலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு குந்தியிருந்த கித்தேரியின் காலடியில் தன் கூடையை வைத்துவிட்டுப் போய், வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வந்து பார்த்தால், கூடைக்குள் இருந்த பாறை மீன் அத்தனையும் கல்லாக விறைத்து, அதற்குமேல் வெள்ளை வெளேரென்று ஐஸ் படர்ந்து கிடந்தது.

"ஏட்டி, எல்லாரும் ஓடியாங்க, கித்தேரி ஐஸ் கட்டிட்டா!" என்று அமலோற்பவம் போட்ட சத்தம், வயசுக்கு வந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. பெண்கள் ஓடி வந்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள், ஒருத்தி ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டு, "நல்ல தண்ணி ஐஸ்தான், உப்புக் கரிக்கல" என்று தீர்ப்புச் சொன்னாள். அவ்வளவுதான். வரிசையாகக் கூடைகளை அவளைச் சுற்றி வைத்துவிட்டு, வழக்கம்போல ஆட்டுக்கறி விலையைப் பற்றியும் அடுத்த தெரு மருமகளைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஊருக்கு அது அன்றைக்கு ஆரம்பித்த விஷயம். கித்தேரியின் புருஷன் இன்னாசிக்கு அப்படி இல்லை. போன சித்திரையிலேயே, ஊரே வெந்து வேர்த்துக் கதவைத் திறந்துபோட்டுக் கிடந்த ஒரு மத்தியானத்தில், "ஃபேனை நிறுத்துங்க, குளிருது" என்று அவள் சொன்னதை அவன் கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தலை சீவினால் சீப்போடு முடி வந்தது. புருவத்தின் வால் தேய்ந்து காணாமல் போனது. தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்தது. காலும் முகமும் ஊதின. சாப்பாடு கோழி கொத்துகிற அளவு, உடம்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கோயிலில் செபமாலைக்கு முன்வரி எடுத்துக் கொடுத்த குரல் அவளுடையது, அது கட்டிப்போய் ஆம்பிளைக் குரலாக ஆனது. மாசக் கணக்கு தப்பியது, வந்தால் நிற்கிறதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று தெரியாமல், அது பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

ஊர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தது. முடி கொட்டினால் உப்புத் தண்ணி, உடம்பு போட்டால் வசதி, தூங்கினால் சோம்பல், அழுதால் பிள்ளை இல்லாத ஏக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் கைவசம் இருந்ததால், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. இன்னாசிக்கும் தோன்றவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

ஆனாலும் அந்த முதல் நாளில் அவனும் பூரித்துத்தான் போனான், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சிலுவைத்துறையில் மீனைப் பங்கு போடுகிற வழக்கம் ஒன்று உண்டு: வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஏறிப் போன ஆளுக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு, பங்கை இரண்டு கையாலும் வாங்கிவிட்டால் மறுநாளும் அதற்கு மறுநாளும் கரையில் நின்றே ஆகவேண்டும், காய்ச்சல் என்றாலும் சரி, வீட்டில் கல்யாணம் என்றாலும் சரி. அன்றைக்கு ஊர்க் கமிட்டித் தலைவர் தொபியாஸ் நல்ல விளைமீனாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்து, "ஏ மாப்ள இன்னாசி, இனிமே எல்லா வள்ளத்துலயும் ஒன் பொண்டாட்டிக்கு ஒரு பங்கு, பிடி" என்றார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. இன்னாசி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மிடுக்கோடு இரண்டு கையையும் நீட்டினான். பாவி மனுஷன், அந்தக் கை அன்றைக்கு ஒடிந்து போயிருக்கக் கூடாதா என்று பின்னால் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறான்.

அப்புறம் ஊர் கித்தேரியைத் தன் வழக்கத்துக்குள் இழுத்துக்கொண்டது. அவளுக்கென்று ஏலக்கூடத்தில் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி வந்தது, அடியில் கோணிச் சாக்கு வந்தது, ஈ விரட்ட ஆள் வந்தது. பிள்ளைகள் அவள் முந்தானையிலிருந்து ஐஸை உடைத்துக்கொண்டுபோய் நன்னாரி சர்பத்தில் போட்டுக் குடித்தார்கள். கிழவர் ஒருத்தர் செத்து, மஸ்கட்டிலிருந்து மகன் வருகிறவரைக்கும் காத்திருக்க வேண்டி வந்தபோது, ஃப்ரீசர் பெட்டி எதற்கு என்று கித்தேரியைக் கூட்டிக்கொண்டுபோய்த் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். அவளும் செபம் சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், மகன் வந்து பார்த்து, "அப்பா தூங்குத மாதிரியே இருக்காவளே" என்று அழுதான். பக்கத்து ஊர்க்காரர்கள் திருவிழாவுக்கு அவளை இரவல் கேட்டு வந்ததில் அடிதடியே ஆகிவிட்டது. கோயில் ஃபாதர் மட்டும், "இது ஆண்டவர் செஞ்ச புதுமையா இல்லையான்னு மேலிடம்தான் சொல்லணும்" என்று பிடி கொடுக்காமல் சொல்லிவிட்டு, தன் பங்கு மீனை அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று நடந்தது. பிள்ளை இல்லாதவள் என்று இத்தனை வருஷமும் ஞானஸ்நான வீட்டில் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டவளை, முதல் தடவையாக, பிள்ளையைக் கையில் ஏந்துகிற ஞானத்தாயாக நிற்கக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் கூப்பிட்டதும் எல்லா வீட்டிலும் கூப்பிட்டார்கள். அவள் ஜில்லென்ற கையில் வாங்கியதும் பிள்ளைகள் வீல் வீலென்று கத்தின, பெற்றவர்கள் சிரித்தார்கள், கித்தேரியும் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து இன்னாசி பார்த்ததே இல்லை. "தாயி", "தாயி" என்று தெருவே கூப்பிட்டது.

இன்னாசி தொழிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு அவளுக்குக் காவல் இருந்தான், அந்தச் சமயத்தில் அவனும் ஒரு மாதிரி ஆகிக்கொண்டிருந்தான். பானைச் சோற்றைத் தின்றும் கைலி இடுப்பில் நிற்கவில்லை. ஐஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் வேர்த்து ஊற்றியது. வலை ஊசியைப் பிடித்தால் விரல் ஆடி, ஒரு கண்ணி போடுவதற்குள் உயிர் போனது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது, கண் இரண்டும் பிதுங்கி எதையோ பார்த்து மிரண்ட மாதிரி நின்றது. பொண்டாட்டிக் கவலை என்று அவன் நினைத்தான். பொண்டாட்டி பங்கைக் குடித்தே அழிக்கிறான் என்று ஊர் நினைத்தது, அவனோ சாராயத்தைத் தொட்டு வருஷக்கணக்காகிறது.

மழைக்கு முன்னால், டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் சஃபியா என்கிற சின்ன வயசு டாக்டரம்மா பள்ளிக்கூடத்தில் முகாம் போட வந்தாள். இன்னாசி கித்தேரியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனான். கித்தேரி உட்கார்ந்ததும் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டில் உறைந்து விரிசல் விட்டது.

"ஐஸ் கட்டுதும்மா" என்றான் இன்னாசி.

"கட்டும். அது இருக்கட்டும், குளிர் எவ்வளவு நாளா?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரம்மா பாட்டிலை நகர்த்தி வைத்தாள். புருவத்தைப் பார்த்தாள், முன்னங்கால் எலும்பில் விரலால் அமுக்கிப் பார்த்தாள், கழுத்தைத் தடவி எச்சில் விழுங்கச் சொன்னாள். மாசம் ஒழுங்கா வருதா, மலம் போகுதா, மறதி உண்டா, குரல் எப்பவும் இப்படித்தானா? கித்தேரி ஒவ்வொரு கேள்விக்கும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். இன்னாசி ஒவ்வொன்றுக்கும் குறுக்கே விழுந்து பதில் சொன்னான், எந்த மாசம் எது ஆரம்பித்தது என்பது வரைக்கும்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "நீங்க கையை நீட்டுங்க" என்றாள். நீட்டிய விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். காற்றே இல்லாத அறையில் தாள் படபடவென்று ஆடியது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றான் இன்னாசி.

இப்போது கித்தேரிக்கு வாய் திறந்தது. "பொய் சொல்லுதாவ. பானைச் சோறு தின்னுதாவ, எலும்புதான் தெரியுது. குந்தினா எந்திரிக்க முடியல, செவுத்தப் பிடிச்சுத்தான் எந்திரிக்காவ. பக்கத்துல இருந்தா நெஞ்சு அடிக்கது எனக்குக் கேக்கும். எறும்பு கடிச்சாக்கூடக் கோவம் வருது." கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு, "மத்த ஆசையும் போயிட்டு" என்றாள். இன்னாசிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டு போன டாக்டரம்மா, அடுத்த வாரம் தானே திரும்பி வந்தாள். "ரெண்டு பேருக்கும் கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பியிலதான் கோளாறு. அக்காவுக்கு அது தூங்குது. உங்களுக்கு அது தூங்கவே மாட்டேங்குது. அதுல ஊறுற ஹார்மோன் கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து. மாத்திரை இருக்கு, தினம் போட்டா நல்லா இருக்கலாம். போடலைன்னா," என்று கித்தேரியைப் பார்த்தாள், "ஒரு நாள் தூங்கி எந்திரிக்காம போயிருவீங்க. இதை நான் பயமுறுத்தச் சொல்லலை." அவ்வளவு பெரிய நோய்க்கு இத்தனூண்டு மாத்திரையா என்று இன்னாசி உள்ளங்கையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

கித்தேரி போட்டாள். காலையில் வெறும் வயிற்றில், டாக்டரம்மா சொன்னபடியே போட்டாள். ஐப்பசி முடிவதற்குள் முகத்து வீக்கம் வடிந்தது, போர்வையை மடித்து வைத்தாள், ஒருநாள் அடுப்படியில் நின்று தன்னை மறந்து மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த இன்னாசி அதைக் கேட்டு, யாரும் பார்க்காமல் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதான். அவள் கையைப் பிடித்தால் கை மாதிரி இருந்தது.

ஏலக்கூடத்தில் ஐஸ் கூழாகிவிட்டது. சீலா மீன் கூட்டம் கூட்டமாக வந்து விழுகிற பருவம், வள்ளம் கொள்ளாத மீன், ஐஸ் கம்பெனியோ இனிச் சிலுவைத்துறைக்கு லாரியே கிடையாது என்று எப்போதோ கை கழுவிவிட்டது. ஊர் கோபப்பட்டிருந்தால்கூட இன்னாசி அரிவாளை எடுத்திருப்பான். ஊர் கோபப்படவில்லை, அழுதது. கூடை கூடையாக நொந்த மீனைக் கொண்டுவந்து காட்டி அழுதார்கள். ஞானப்பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அழுதார்கள். அமலோற்பவம் கித்தேரியின் காலையே பிடித்துக்கொண்டாள். "மருந்தை விடச் சொல்லல தாயி. இந்தச் சீலாப் பருவம் மட்டும். ஒன் பிள்ளைகளுக்குத்தானே கேக்கோம்."

தொபியாஸ் இன்னாசியைத் தனியே கூப்பிட்டு, "பங்கு வாங்கினவன் நீதானே மாப்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்னாசி தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

கித்தேரியிடம் அவன் கெஞ்சினான். "ஊரு கிடக்கு ஊரு. நீ போடுட்டி."

"போடத்தானே செய்யேன். நீங்க போடுதீங்களா?"

"போடுதேன்."

"அப்ப சரி. ரெண்டு பேரும் சேந்தே போடுவோம்."

உண்மை என்னவென்றால் அவன் போடவில்லை. வாங்கிவந்த புதிதில் டீக்கடையில் அவன் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்ட தொபியாஸ், "ஆம்பிளைக்கு ஹார்மோன் கோளாறா? நாளைக்கு முழுகாம இருக்கேம்பான் போல!" என்று சொல்ல, கடையே சிரித்துப் புரண்டது, அந்த வழியிலேயே அட்டையைக் கடலில் எறிந்துவிட்டு வந்தவன் இவன். இப்போது தினமும் காலையில் புருஷனும் பொண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து, உள்ளங்கையை வாயில் வைத்து, அண்ணாந்து, மடமடவென்று வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவளும் போடவில்லை, அவள் மாத்திரை கொல்லை வாழை மூட்டு மண்ணுக்குள் போனது.

ஐஸ் திரும்ப இறுகியது. இன்னாசிக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்க முடியவில்லை, கேட்டால் அவளும் கேட்பாள். "என்ன கித்தேரி, கை ஜில்லுனு இருக்கு" என்று ஒருநாள் அரைகுறையாக ஆரம்பித்தான். "ஒங்க கைதான் கொதிக்கி" என்று அவள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள், பிடித்த இடத்தில் வேர்வை உறைந்து வெள்ளையானது. டாக்டரம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

மார்கழியில் அவளுக்கு நடக்க முடியாமல் போனதும் ஊர் அவள் வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டது. நாற்காலி வந்தது, கீற்றுக் கொட்டகை வந்தது. விடிந்து ஐஸ் நன்றாகப் பிடித்ததும் இன்னாசி தெருவில் நின்று, "வாங்க!" என்று ஒரு சத்தம் கொடுப்பான், தெரு முழுக்கக் கூடையோடு வந்து நிற்கும். அவளுக்குப் பேச்சு குழறியது, பாதி வாக்கியத்தில் தூங்கிப் போனாள், ஞானப்பிள்ளைகளின் பெயர் மறந்து எல்லாரையும் "ராசா" என்றாள். "தாயி தியானத்துல இருக்கா" என்று ஊர் சத்தம் போடாமல் நடந்தது.

சீலாப் பருவம் முடிய நாள் அதிகமில்லாத ஒரு காலையில், ஐஸ் முற்றத்தைத் தாண்டி வேலிவரைக்கும் போயிருந்தது. இன்னாசி காப்பியோடு வந்து, "ஏட்டி" என்று கூப்பிட்டான். உதடு நீலமாக இருந்தது. மூச்சு வந்தது, பிறகு வெகுநேரம் வரவில்லை, பிறகு வந்தது. காப்பியைக் கீழே போட்டுவிட்டு அவள் முழங்காலுக்கடியில் ஒரு கையும் முதுகில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கப் பார்த்தான். அவன் தொடை இரண்டும் துணியாகத் துவண்டன. மறுபடி தூக்கப் பார்த்தான், குந்திய இடத்திலிருந்து அவனாலேயே எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சு உடைந்துவிடுகிற மாதிரி அடித்துக்கொண்டது. கல்யாணத்தன்று ஓடையைத் தாண்ட இவளைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போனவன்தான். வேலியைப் பிடித்துத் தவழ்ந்து தெருவுக்கு வந்து, தொண்டை கிழியக் கத்தினான்.

"வாங்க! ஓடியாங்க! எல்லாரும் வாங்க!"

ஓடித்தான் வந்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, குடிசைக் கதவைச் சாத்தாமல், ஒருத்தர்மேல் ஒருத்தர் முட்டிக்கொண்டு வந்தார்கள், ஆளுக்கொரு கூடை மீனோடு. இன்னாசி மண்ணில் கிடந்து கையை ஆட்டி ஏதோ சொல்வதைப் பார்த்து, குடித்திருக்கிறான் என்று சுற்றிக்கொண்டு போனார்கள். கூடைகளை வரிசையாக அவள் காலடியில் வைத்த பிறகுதான் முதல் ஆள் அவள் முகத்தைப் பார்த்தான்.

அமலோற்பவம் வயிற்றில் அடித்துக்கொண்டு கூடைகளை எட்டி உதைத்தாள். தொபியாஸ் ஓடிப்போய், ஏற்றி முடித்து நின்ற மீன் வேனின் பின்கதவைத் திறந்து, அந்தப் பருவத்தின் நல்ல மீன் அத்தனையையும் இரண்டு கையாலும் வாரி மணலில் கொட்டினார். ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளை ஏற்றினார்கள், இன்னாசியையும் தூக்கி ஏற்றினார்கள், வேன் டவுனைப் பார்த்துப் பறந்தது.

இன்னாசி அவள் தலையை மடியில் வைத்து, கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தான். முதலில் தொட்ட தோல் ஒட்டிக்கொண்டு உரிகிற மாதிரி குளிர். உப்பளம் தாண்டும்போது அவள் தலைமுடியிலிருந்த ஐஸ் உருகிச் சொட்டியது. ரயில்வே கேட் வரும்போது விரல்கள் இளகின. அவன் கண்ணை விரித்து அவள் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான், கழுத்தில் வைத்துப் பார்த்தான்.

"மாமா!" என்று முன்பக்கம் டிரைவர் பக்கத்தில் இருந்த தொபியாஸைப் பார்த்துக் கத்தினான். "மாமா, சூடு வந்துட்டு! என் கித்தேரிக்குச் சூடு வந்துட்டு!"

எதிரே உட்கார்ந்திருந்த அமலோற்பவத்தின் கை கித்தேரியின் பாதத்தில் இருந்தது. காலமெல்லாம் மீனைத் தொட்டே பிழைத்தவள், தொட்டால் எதில் உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாததா. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு அதை எடுத்துவிட்டு, "ஆமா இன்னாசி, வந்துட்டு" என்றாள்.

"நான் மாத்திரை போடல கித்தேரி, ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்று அவன் குனிந்து அவள் காதில் சொன்னான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணீர் அவள் நெற்றியில் விழுந்தது. "இனிமே போடுதேன். நீயும் போடணும், என்ன? சேந்தே போடுவோம்." தொபியாஸ் டிரைவரின் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார், வேனின் வேகம் குறைந்தது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது, வேனின் தகரம் சுட்டது, கித்தேரியின் கையும் அதோடு சேர்ந்து சூடாகிக்கொண்டே வந்தது.